மாட்டு வாயில் கை விட்டவர்கள்

மனுச ஆஸ்பத்திரியில் நோயாளி வாயைத் திறந்தால் டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். எங்கள் மாட்டாஸ்பத்திரியில் நோயாளி வாயைத் திறந்தால், நாங்கள் போய்ச் சேருவதற்குள் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வழியோடு போனவர் என்று ஒரு கூட்டமே உள்ளே கையை விட்டுத் துழாவி முடித்திருக்கும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கால்நடை டாக்டராகக் குப்பை கொட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு தீனி எடுக்காமல் நின்றால், இங்கே எல்லாருக்கும் ஒரே முடிவு: தொண்டையில் என்னமோ அடைத்துக்கொண்டது. உடனே தெருவில் யார் கை மெல்லிசு என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். பல சமயம் அடைப்பு நிஜமாகவே இருந்து தொலைக்கும், அதுதான் வம்பே. சில சமயம் தொண்டையில் ஒன்றுமே இருக்காது, மாட்டுக்கு வந்திருப்பது வெறிநோயாக இருக்கும். அந்த எச்சில் பட்டவர் உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டால் பிழைத்தார். போடாமல் விட்டு நோய் கிளம்பிவிட்டால், அப்புறம் எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் காப்பாற்ற வழி கிடையாது. அப்படி ஒரு மாட்டின் சமாச்சாரத்தைத்தான் சொல்லப் போகிறேன். என்னைப் போலவே சனத்திடம் கத்திக் கத்தித் தொண்டை வறண்ட சகபாடிகளே, கேளுங்கள்.

பாய் வாங்காத மாடு

லப்பைக்குடிக்காட்டில் கறிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். பழக்கம் என்றால் சண்டைப் பழக்கம். அறுப்புக்கு முன் மாட்டைக் காட்டிச் சான்று வாங்க வருவார். "இது வேணாம் பாய், ஓட்டிட்டுப் போங்க" என்று நான் சொல்லிவிட்டால் போதும், அரை மணி நேரம் நின்று வாதாடுவார். அவர் நம்பர் போனில் வந்தாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும்போதே அவர்தான். "என்ன பாய், விடியும்போதேவா?" என்று எரிந்து விழுந்தேன்.

மனுசன் பதிலுக்குச் சண்டை போடவில்லை. குரல் ஒரு மாதிரி இருந்தது. என் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஊரில் தங்கம்மாள் என்ற அம்மா மாடு விற்கிறார் என்று தரகர் அவரை அழைத்துப் போயிருக்கிறார். நல்ல கலப்பின மாடு, பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறார்கள். பாய் கிட்டே போய் நின்று பார்த்திருக்கிறார். வாயெல்லாம் நுரை, கத்தினால் சத்தம் கட்டைக் குரலில் வருகிறது, தண்ணி வாளியில் வாயை வைக்கிறது, ஒரு மடக்கும் உள்ளே போகவில்லை. வெறிநோயின் அடையாளம் அத்தனையும் அதில் இருந்தது. "நீங்க தொட்டீங்களா பாய்?" என்று கேட்டேன். "தொடலம்மா, கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார். நிறையப் பேர் லாபம் என்று வாங்கி, சத்தமில்லாமல் அறுத்துப் போட்டிருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை.

"நோவு மாட்ட அறுத்து சனங்களுக்குப் போட்டா நாளைக்கு அல்லாகிட்ட நான் என்னம்மா பதில் சொல்றது? தரகர் அடுத்த ஆளுக்குப் போன் அடிச்சுட்டு இருக்காரு, நீங்க சுருக்கா வாங்க!"

பல்லு பட்ட கதை

எங்கள் உதவியாளர் வீராசாமியை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். நான் போய் இறங்கியதும் தரகர் வண்டியை எடுத்துக்கொண்டு மாயமாகிவிட்டார். மாடு வேப்பமரத்தில் கட்டியிருந்தது. பின்கால் தள்ளாடுகிறது, வெறும் காற்றை முட்டுகிறது, கட்டின கயிற்றையே கடிக்கிறது. சுற்றி நின்ற சனத்தைப் பார்த்து, "எல்லாரும் தள்ளிப் போங்க! யாரெல்லாம் இது வாயில கை வெச்சீங்க?" என்று கத்தினேன். ஏதோ பரிசு கொடுக்கப் போகிறேன் என்ற மாதிரி ரெண்டு ஆம்பளைகள் பெருமையாக முன்னால் வந்தார்கள். தங்கம்மாள் தானும் வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றியதாகச் சொன்னார்.

அந்த மாட்டைத் தினமும் கறந்தது தங்கம்மாள் இல்லை, மருமகள் சுகன்யா. கல்யாணத்தின்போது அவள் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த கன்று அது. வளர்ந்து மாடானதும் அவளைத் தவிர வேறு யாரையும் மடியில் கை வைக்க விடாதாம். சுகன்யா நிறைமாசம். புருசன் துபாயில். வளைகாப்பு முடிந்து முந்தாநாள்தான் ஏலாக்குறிச்சிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். "அவ கைய விட்டாளா?" என்றேன். "சேச்சே, அவ கயித்த மட்டுந்தான் புடிச்சா" என்று அடித்துச் சொன்னார் தங்கம்மாள். "சரி, இந்த மாட்ட நாய் கடிச்சுதா?" இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினார். பின்னங்காலில் ஆறிப்போன தழும்பு ஒன்று, பச்சிலை அரைத்துப் பூசின கறுப்போடு, என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. நான் அதைத் தொடாமல் விரலால் காட்டினேன். வளைகாப்பு நாள் குறித்த நேரத்தில் வெறிநாய் என்று சொன்னால் விசேஷமே நின்றுபோகும் என்று பயந்திருக்கிறார், பாவி மனுஷி. அப்போதும் வாயில் உண்மை வந்ததா?

"கடிக்கலீங்க டாக்டரம்மா, சும்மா பல்லு பட்டுட்டுப் போயிருச்சு."

டீ குடித்தவர்கள்

மறுநாள் மாடு செத்துப்போயிற்று. மூளை மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். அது ஈன்ற கன்றுக்கு ஊசி போட ஆரம்பித்தோம். ஆட்டோவில் மைக் கட்டி நானே தொண்டை கிழியச் சொன்னேன்: "மாட்டு வாயில் கை விட்டவர்கள், எச்சில் பட்டவர்கள் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள்." இதைவிடத் தெளிவாக மனுசன் எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் காலையில் சுகாதார நிலையத்து டாக்டர் போனில் கிட்டத்தட்ட அழுதார். "மேடம், இங்க திருவிழாக் கூட்டம். என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" ஓடிப் போய்ப் பார்த்தேன். அந்த மாட்டுப் பால் போன டீக்கடையில் டீ குடித்தவர்கள், தயிர் வாங்கினவர்கள், அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போனவர் ஒருவர். காய்ச்சின பாலில் இந்தக் கிருமி நிற்காது, டீ குடித்ததற்கு ஊசி வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோயிற்று. இவர்களுக்கெல்லாம் பயந்துபோய்ப் போட்டுவிட்டால் நிஜமாக வேண்டியவர்களுக்கு மருந்து பற்றாது. அந்தக் கூட்டத்தில் வாயில் கை விட்ட ரெண்டு பேரையும் தேடினேன். ரெண்டு பேருமே இல்லை. தங்கம்மாள் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊசி போட வைத்துவிட்டு, அந்த ரெண்டு பேரையும் வயல்காட்டிலிருந்து இழுத்துவரக் கிளம்பினேன். என் முன்னால் ஒரு டீக்கடை வாடிக்கையாளர் வழிமறித்து நின்றார்.

"வரிசையில நிக்கிற எனக்கு ஊசி இல்ல, வர மாட்டேங்கிறவனுக்கு வூடு தேடிப் போய் ஊசியா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

வீராசாமி கக்கிய உண்மை

அன்று சாயங்காலம், அந்த ரெண்டு பேருக்கும் ஊசி போட வைத்துவிட்டுத் திரும்பினால், வீராசாமி மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். இருபது வருசமாகப் பழகின மனுசன், முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? "என்ன வீராசாமி, என்ன மறைக்கிறீங்க?" என்று ஒரு அதட்டல்தான். பொலபொலவென்று கொட்டிவிட்டார். நான் போவதற்கு மூன்று நாள் முன்னாலேயே, எனக்குத் தெரியாமல் அந்த வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்திருக்கிறார். வெறும் கையால் மாட்டு நாக்கை இழுத்துப் பிடித்திருக்கிறார். ஊசி என்றால் இந்த ஆளுக்குக் குலை நடுக்கம். வேலைக்குச் சேர்ந்தபோது போட வேண்டிய தடுப்பூசியையும் டிமிக்கி கொடுத்துத் தப்பித்திருக்கிறார். காதைப் பிடிக்காத குறையாகச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன். நர்ஸ் ஊசியை எடுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நாம குத்தும்போது மாடு ஏன் உதைக்குதுன்னு இப்பத்தான் தெரியுது மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. "நீங்க நாக்கப் புடிச்சீங்க, சரி. அன்னிக்கு உள்ள கைய விட்டது யாரு?" என்று கேட்டேன். வீராசாமி தரையைப் பார்த்தார். அன்றைக்கு மாடு வேறு யாரையும் வாய்க்குள் கை வைக்க விடவில்லையாம். மாமியார் கடைக்குப் போயிருந்த நேரம். சுகன்யாதான், முதல் நாள் வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையலோடு, முழங்கை வரை உள்ளே விட்டுத் தேடியிருக்கிறாள். ஊரையே கூட்டி ஊசி போட வைத்திருக்கிறேன். போட வேண்டிய பெண் வயிற்றில் ஒரு உசிரோடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். நான் கார் சாவியை எடுத்ததும் வீராசாமி பின்னாலேயே ஓடி வந்தார்.

"மாமியாருக்குத் தெரிஞ்சா அந்தப் புள்ளைய உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடும், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க மேடம்."

மஞ்சளுக்கு அடியில்

சுகன்யா போனை எடுக்கவில்லை. அவள் அம்மா செல்வமணி எடுத்தார், "மாட்டு டாக்டரா?" என்று கேட்டார், கட் பண்ணிவிட்டார். அரியலூர் தாண்டினால் ரோடு முழுக்க ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிற பஸ்கள். முந்தவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. எனக்கு முன்னால் போன பஸ்ஸின் ஜன்னலில் ஒரு குழந்தை எனக்குக் கையாட்டுகிறது. நான் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். வாழ்க்கையில் அன்றைக்குத் திட்டின மாதிரி நான் யாரையும் திட்டினதில்லை. அத்தனையும் கார் கண்ணாடியைப் பார்த்துத்தான்.

வீட்டு வாசலில் செல்வமணி என்னை மறித்தார். மாமியார்க்காரி என்னைத் தூது விட்டிருப்பதாக அவருக்கு நினைப்பு. விசயத்தைச் சொன்னதும் கொதித்துவிட்டார். "மாசமா இருக்கிற புள்ளைக்கு நாய்க்கடி ஊசியா? வயித்துல இருக்கறதுக்கு எதாச்சும் ஆச்சுன்னா நீங்க வந்து நிப்பீங்களா?" ஊசியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, ஊசி போடாவிட்டால்தான் ரெண்டு உசிருக்கும் ஆபத்து என்றேன். அவர் காதில் ஏறவில்லை. உள்ளே சுகன்யா வலது கையை முந்தானைக்குள் மறைத்தபடி நின்றாள். முதலில் என்னிடம் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. "எம் மாடு எப்படி மேடம் இருக்கு?" என்றாள். செத்துப்போச்சும்மா என்று சொன்னேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பரிசோதனைக்காகப் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினேன். தண்ணிக்குத் தவித்து, தண்ணியை விழுங்க முடியாமல் அது கத்துகிற கத்தல். செல்வமணி பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். சுகன்யா கடைசி வரைக்கும் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். வளையல்களுக்கு அடியில், மணிக்கட்டில் மஞ்சள் அப்பின நீளமான கீறல். மாட்டு வாய்க்குள் ஒரு வளையல் உடைந்து கிழித்திருக்கிறது. துண்டுகளை எடுத்து எருக்குழியில் புதைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறாள்.

"வளைகாப்பு வளையல் ஒடைஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா புள்ளைக்கு ஆகாதுன்னு பேசுவாங்க மேடம், அதான் யாருகிட்டயும் சொல்லல."

சோப்பு

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். நர்ஸ் கீறலைப் பார்த்ததும், முதலில் குழாய்த் தண்ணியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், அப்புறம் காயத்தைச் சுற்றியே ஒரு மருந்து ஏற்ற வேண்டும், வளையலைக் கழற்றுங்கள் என்றார். அங்கேதான் சிக்கல். நிறைமாசத்தில் கை வீங்கிப்போய் வளையல்கள் சதையோடு இறுகிக் கிடக்கின்றன. "உடைச்சு எடுத்துரலாம்" என்று நர்ஸ் சாதாரணமாகச் சொன்னார். செல்வமணி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பிரசவம் ஆகிறவரை கழற்றவே கூடாத வளையலை ஆஸ்பத்திரியில் வைத்து உடைப்பதா? சுகன்யா கையை இழுத்து மறுபடியும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்த பிறகு, திரும்பிப் போய்விடுவார்களோ என்று எனக்கு உசிரே இல்லை.

நான் செல்வமணியிடம் சண்டை போடவில்லை. சோப்பை அவர் கையில் கொடுத்தேன். "உடைக்க வேணாம். எப்படியும் கழுவணும். நீங்களே கழுவிக் கழட்டுங்க" என்றேன். என்னை முறைத்தார். அப்புறம் மகளின் கையைக் குழாயடியில் பிடித்து நுரை பொங்கத் தேய்க்க ஆரம்பித்தார். என்னைத் திட்டினார், சம்பந்தியைத் திட்டினார், வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளையைத் திட்டினார், செத்துப்போன மாட்டையும் விடவில்லை. கை மட்டும் பூப்போலத்தான் வேலை செய்தது. ஒவ்வொரு வளையலாக வழுக்கி வந்தது. கீறலில் சோப்பு எரிந்து சுகன்யா பல்லைக் கடித்தாள். காயமும் நன்றாகக் கழுவியாயிற்று. கடைசி வளையலும் வந்தபோது செல்வமணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஒண்ணுகூட ஒடையல டாக்டரம்மா, பாத்துக்கங்க!"

கடைசி ஊசி

நடுவில் வெறிநோயேதான் என்று பரிசோதனை முடிவு வந்தது, பெண் குழந்தையும் பிறந்தது. சுகன்யாவுக்கு ஊசிகளை ஒன்று விடாமல் போட வைத்தேன். ஒவ்வொரு தவணைக்கும் முதல் நாளே போன் பண்ணி நச்சரித்ததில் செல்வமணியே எனக்கு முன்னால் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடைசித் தவணைக்கு நானே சுகாதார நிலையத்துக்கு நேரில் போய் நின்றேன். வீராசாமியும் வந்திருந்தார், அவருக்கும் அன்றைக்குப் பாக்கி இருந்தது. சந்தோசமாகப் போன எனக்குக் குழந்தையைப் பார்த்ததும் திக்கென்றது. காய்ந்து சுருங்கிப்போய், பூனைக்குட்டி மாதிரி சன்னமாக அழுதுகொண்டிருந்தது. தங்கம்மாள் புட்டியில் டப்பாப் பால் கரைத்து ஊட்டப் பார்க்கிறார், அது துப்புகிறது. "என்னம்மா இப்படி இருக்கு புள்ள?" என்றேன். "தாய்ப்பால் ஊறல டாக்டரம்மா. ஆஸ்பத்திரில இருந்தவரைக்கும் குடிச்சுச்சு, வூட்டுக்கு வந்ததும் வத்திப்போச்சு" என்றார் தங்கம்மாள். செல்வமணியும் ஆமாம் என்றார்.

மாட்டைப் பார்த்தே காலம் தள்ளினவள் நான். பால் வற்றினவளின் முந்தானை இப்படி நனைந்திருக்காது. குழந்தை அழும்போதெல்லாம் சுகன்யா வேறு பக்கம் திரும்பி மார்பை அழுத்திக்கொள்கிறாள், கண்ணில் தண்ணி நிற்கிறது. அவளைத் தனியாக அழைத்துப் போய், கதவைச் சாத்தி, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நான் மைக்கில் கத்தினதை அவளுக்கு யாரோ போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

"நோவு பட்ட மாட்டுப் பாலப் பச்சையாக் குடிக்கக் கூடாது, காய்ச்சுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க... எம் பால நான் எப்படிக் காய்ச்சுறது?"

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். சுகாதார நிலையத்து டாக்டரைக் கூப்பிட்டு, என்னை நம்பாவிட்டால் அவர் வாயால் கேட்டுக்கொள்ளட்டும் என்று, இந்த நோய்க்கு ஊசி போட்ட தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம், குழந்தைக்கு ஒன்றும் வராது என்று சொல்ல வைத்தேன். அவள் ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டாள். அப்புறம் குழந்தையை வாங்கி மடியில் போட்டாள். அது குடிக்கிற சத்தம் கதவுக்கு வெளியே நின்ற தங்கம்மாளுக்கும் செல்வமணிக்கும் கேட்டிருக்கும், அங்கே ஒரே விசும்பல்.

வாயில்லாச் சீவனுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அரசாங்கம் என்னைப் படிக்க வைத்தது. வாயுள்ள சீவன் எதையெல்லாம் சொல்லாமல் விழுங்கும், நாம் சொன்னதை எங்கே கொண்டுபோய்ப் பொருத்தும் என்பதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் வைக்கவில்லை.